காவல்துறைக்குக் கொடுத்த இரத்த மாதிரி: வழக்கில் தொடர்பில்லை என்று ஆன பிறகு அதைத் திரும்பப் பெற முடியுமா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பியின் பொருட்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். சற்று நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரை ஒட்டிய தென்னந்தோப்பு ஒன்றில் காவலுக்கு இருந்த முதியவர் ஒருவர் கொலை செய்யப்பட்டார். அந்தத் தோப்பின் வழியாக வேலைக்குப் போய்வரும் இளைஞர்கள் இருபது பேருக்கு மேல் காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்களில் என் தம்பியும் ஒருவன். அவன் கைது செய்யப்படவில்லை. முதல் தகவல் அறிக்கையில் அவன் பெயரும் இல்லை. "உன் மேல் சந்தேகம் இல்லை என்று ஆகிவிட்டால் உனக்குத்தான் நல்லது" என்று சொல்லி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே விரல் நுனியில் குத்தி, வெள்ளை அட்டை ஒன்றில் அச்சிட்டிருந்த நான்கு வட்டங்களிலும் இரத்தத்தைச் சொட்டவிட்டார்கள். ஒரு தாளில் கையொப்பம் வாங்கினார்கள். அதில் எழுதியிருந்ததை அவன் படிக்கவில்லை, நகலும் அவனுக்குத் தரப்படவில்லை. அப்போது அவனுக்கு வயது 23.

பிறகு வேறு ஊரைச் சேர்ந்த ஒருவர் கைதாகி, அவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலாகி, வழக்கு இப்போது விசாரணையில் இருக்கிறது. தம்பியைச் சாட்சியாகக்கூட யாரும் அழைக்கவில்லை. அந்த அட்டை என்ன ஆயிற்று என்று கேட்க அப்பா இரண்டு முறை காவல் நிலையத்துக்குப் போனார். முதல் முறை, அது ஆய்வகத்தில் இருக்கும் என்றார்கள். இரண்டாம் முறை, வழக்கு முடியட்டும் என்றார்கள். அதற்கு மேல் கேட்க அப்பாவுக்குத் துணிவு வரவில்லை.

அந்த இரத்தத்தையும் அதிலிருந்து எடுத்த டி.என்.ஏ. விவரத்தையும் எவ்வளவு காலம் வைத்திருக்க அரசுக்கு உரிமை உண்டு? நாளை வேறொரு வழக்குக்கோ, வேலைவாய்ப்புச் சரிபார்ப்புக்கோ, சொத்துத் தகராறு ஒன்றுக்கோ அது பயன்பட்டுவிடாமல் தடுக்கும் சட்டம் ஏதேனும் இருக்கிறதா? அதோடு, நானும் அவனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அவன் கொடுத்த இரத்தத்தில் என்னைப் பற்றிய செய்தியும் பாதி இருக்கிறது என்று எங்கோ படித்ததிலிருந்து, கேட்காமலேயே என்னிடமிருந்தும் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள் என்ற எண்ணம் மனத்தைவிட்டுப் போகவில்லை.

கருப்பங்கி (வழக்குரைஞர்) எழுதியது:

வணக்கம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் குற்றவியல் வழக்குகளை நடத்துகிறேன். உங்கள் தம்பி நிற்கும் இடம் சட்டத்தை எழுதியவர்கள் கண்ணில் படாமல் போன இடம் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தியாவில் டி.என்.ஏ.வுக்கென்று தனிச் சட்டம் இன்று இல்லை. டி.என்.ஏ. தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா 2019 ஜூலையில் மக்களவையில் அறிமுகமாயிற்று. ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு 2021 பிப்ரவரியில் அதன் மீது அறிக்கை அளித்தது. 2023 ஜூலை 24 அன்று அரசே மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பாதுகாப்பு விதிகளைச் சுமந்துகொண்டிருந்த மசோதா இப்படிப் போய்விட்டது. மாதிரி எடுக்கும் அதிகாரம் மட்டும் வேறு வழியாக ஏற்கெனவே சட்டமாகிவிட்டிருந்தது. 2022 ஏப்ரலில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, அதே ஆண்டு ஆகஸ்ட் 4 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறை அடையாளம் காணல் சட்டம்தான் அது. அதற்கு முன்பிருந்த 1920ஆம் ஆண்டுச் சட்டம் கைரேகை, கால்தடம், புகைப்படம் என்பவற்றோடு நின்றது. புதிய சட்டம் கருவிழி, விழித்திரை, கையெழுத்து ஆகியவற்றோடு "உயிரியல் மாதிரிகளும் அவற்றின் பகுப்பாய்வும்" என்ற சொற்களையும் "அளவீடுகள்" என்பதன் வரையறைக்குள் கொண்டுவந்தது. டி.என்.ஏ. என்ற சொல்லை அந்த வரையறையில் தேடினால் கிடைக்காது. ஆனால் இந்தச் சொற்களுக்குள் அது முழுமையாக அடங்கிவிடும்.

இந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தண்டனை பெற்றவர்கள், நன்னடத்தைப் பிணை கொடுக்க உத்தரவிடப்பட்டவர்கள், கைதானவர்கள், தடுப்புக் காவலில் இருப்பவர்கள் ஆகியோரிடமிருந்து அளவீடு எடுக்க அனுமதிக்கிறது. கைதானவருக்கு அதில் ஒரு விலக்கு உண்டு. பெண்ணுக்கோ குழந்தைக்கோ எதிரான குற்றமாகவோ, ஏழாண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகவோ இல்லாவிட்டால், உயிரியல் மாதிரி தரும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. இந்த நான்கு வகையில் எதிலும் சேராத ஒருவரிடமிருந்து மாதிரி வேண்டுமென்றால், 5ஆம் பிரிவின்படி குற்றவியல் நடுவரின் உத்தரவு வேண்டும். உங்கள் தம்பி கைதாகவில்லை. நடுவரின் உத்தரவும் இருந்ததாகத் தெரியவில்லை. அப்படியானால் அந்த இரத்தம் எடுக்கப்பட்டதற்கு அவர் கையொப்பமிட்ட அந்த ஒற்றைத் தாள் தவிர வேறு ஆதாரம் இல்லை. அந்தத் தாளின் நகலைப் பெறுவதுதான் உங்கள் முதல் வேலை.

எவ்வளவு காலம் என்று கேட்டீர்கள். 4ஆம் பிரிவின்படி, தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இந்தப் பதிவுகளை எடுத்த நாளிலிருந்து 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். 23 வயதில் எடுத்தது அவருடைய 98 வயது வரை இருக்கும் என்று பொருள். முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ, வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டாலோ, குற்றமற்றவர் என்று விடுதலை செய்யப்பட்டாலோ, மேல்முறையீடுகளெல்லாம் முடிந்தபின் அவருடைய பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. நீதிமன்றம் காரணத்தை எழுதி வேறுவிதமாக உத்தரவிட்டால் அதுவும் இல்லை. இந்த வாசகத்தைக் கவனமாகப் படித்துப் பாருங்கள். கைதாகாதவரை, வழக்கிலேயே சேர்க்கப்படாதவரை, "விடுதலை செய்யப்பட்டார்" என்று எப்படிச் சொல்வது? குற்றம் சாட்டப்பட்டு விடுதலையானவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, குற்றமே சாட்டப்படாதவருக்கு எழுத்தளவில் கிடைக்காமல் போகிறது. இது நாடாளுமன்றம் விரும்பி எழுதியது என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் எழுதப்பட்டிருப்பது அதுதான்.

முறைகேட்டைத் தடுக்கும் விதிகளைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் மெலிவானது. அனுமதியின்றித் தரவைப் பார்ப்பதும் பகிர்வதும் தண்டனைக்குரியவை என்று 2022 செப்டம்பரில் வந்த விதிகள் சொல்கின்றன. ஆனால் அனுமதி பெற்ற அதிகாரி எந்த எந்தக் காரியத்துக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற பட்டியல் எங்கும் இல்லை. நல்லெண்ணத்தில் செய்த செயலுக்கு வழக்குத் தொடர முடியாது என்ற 7ஆம் பிரிவும் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உதவுமா என்று பார்த்தால், குற்றத்தைத் தடுத்தல், கண்டறிதல், புலனாய்வு செய்தல் ஆகியவற்றுக்காகத் தரவைக் கையாளும்போது அதன் பெரும்பாலான கடமைகள் பொருந்தா என்று 17ஆம் பிரிவு விலக்கு அளித்துவிடுகிறது. 2011இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் உயிரளவைத் தரவு (பயோமெட்ரிக்) என்பதன் விளக்கத்தில் டி.என்.ஏ. பெயர் சொல்லியே இடம்பெற்றது. ஆனால் அந்த விதிகள் கட்டுப்படுத்தியது தனியார் நிறுவனங்களை மட்டுமே. அரசின் கையில் இருக்கும் இரத்தத்துக்கு அந்தக் காவல்கூட இல்லை.

ஆதார் சட்டத்தை இதோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். கைரேகையும் கருவிழிப் பதிவும் எந்தக் காரணத்துக்காகவும் யாருக்கும் பகிரப்படக் கூடாது என்று அதன் 29ஆம் பிரிவு திட்டவட்டமாகச் சொல்கிறது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, கோவாவில் நடந்த ஒரு பாலியல் வன்முறை வழக்கில் ஆதார் கைரேகைகளைப் புலனாய்வுக்குக் கேட்டபோது, உரியவரின் ஒப்புதல் இன்றித் தரக் கூடாது என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. விரல் ரேகைக்கு இவ்வளவு வேலி போட்ட நாடு, ஒரு குடும்பத்தின் பரம்பரையையே தாங்கியிருக்கும் இரத்தத்தைத் திறந்தவெளியில் விட்டிருக்கிறது.

இவ்வளவுக்கும் மேலே அரசமைப்புச் சட்டம் இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று அளித்த தீர்ப்பின்படி, அரசு அதில் தலையிட வேண்டுமானால் சட்டம் ஒன்று இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு அந்த நோக்கத்தின் அளவை மீறக் கூடாது. ஒரு கொலை வழக்குக்காகக் கொடுத்த ஒப்புதல் அந்த வழக்கோடு முடிகிறது என்ற வாதத்துக்கு இந்தத் தீர்ப்பே அடிப்படை. உங்கள் தம்பிக்கு இன்று உள்ள வலுவான பிடி இதுதான்.

நுண்ணோக்கி எழுதியது:

தடய அறிவியல் ஆய்வகம் ஒன்றில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சட்டத்தை வழக்குரைஞர் ஐயா சொல்லிவிட்டார். அந்த அட்டைக்கு என்ன நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன். இது புரிந்தால்தான் எதை அழிக்கக் கேட்க வேண்டும் என்பது புரியும்.

உங்கள் தம்பியின் இரத்தம் சொட்டப்பட்ட அட்டை சாதாரணக் காகிதம் அன்று. இரத்த அணுக்களை உடைத்து, டி.என்.ஏ.வைக் கெடாமல் பிடித்து வைக்கும் வேதிப்பொருள்கள் ஏற்றப்பட்ட அட்டை அது. நன்றாக உலரவிட்டுக் காகித உறையில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைச் சேர்த்து வைத்துவிட்டால், குளிர்பதனப் பெட்டிகூட வேண்டாம், அறை வெப்பநிலையிலேயே ஆண்டுக்கணக்கில் இருக்கும். ஆய்வுக்காக நாங்கள் அந்தச் சிவந்த வட்டத்தின் ஓரத்தில் சிறு துளைக்கருவியால் ஒரு பொட்டுத் துண்டை மட்டும் எடுப்போம். ஏறக்குறைய ஒரு கடுகு அளவு இருக்கும். அந்தத் துண்டிலிருந்து மரபணுத் தொடரின் இருபது இடங்களுக்குச் சற்று மேலாகப் பார்த்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறு தொடர் எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணுவோம். தாயிடமிருந்து வந்தது ஒன்று, தந்தையிடமிருந்து வந்தது ஒன்று என ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு எண்கள். இந்த எண்வரிசைதான் விவரக்குறிப்பு. ஆளை அடையாளம் காணவும், நெருங்கிய உறவைக் கணிக்கவும் அது போதும். ஆனால் இன்ன நோய் வரும், இன்ன தோற்றம் இருக்கும் என்பதையெல்லாம் அதைக்கொண்டு சொல்வது இயலாது.

மீதி அட்டையின் கதை வேறு. ஒரு கடுகளவு போக, நான்கு வட்டங்களும் ஏறக்குறைய முழுமையாக அப்படியே இருக்கும். அதில் இருப்பது எண்வரிசை அன்று, உங்கள் தம்பியின் முழு மரபணுத் தொகுதி. பரம்பரை நோய்கள், முன்னோரின் வழி, குடும்பத்தில் வெளியே தெரியாத உறவுகள் எல்லாம் அதில் உண்டு. இன்றைய கருவிகளால் படிக்க முடியாததை இன்னும் இருபது ஆண்டுகளில் வரும் கருவி படித்துவிடும். ஆகவே கணினியில் இருக்கும் எண்வரிசையைவிட உறைக்குள் இருக்கும் அந்த அட்டையைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பதிவை அழிப்பது பற்றிச் சட்டம் பேசுகிறது. "பதிவு" என்ற சொல் இந்த அட்டையையும் சேர்த்துக் குறிக்கிறதா என்பது ஆய்வகத்தில் இருப்பவருக்குத் தெளிவாகப் புரியும்படி எழுதப்படவில்லை. தெளிவான உத்தரவு கையில் இல்லாதபோது எந்த ஆய்வக ஊழியரும் ஒரு சான்றுப்பொருளை அழிக்கத் துணிய மாட்டார். அழித்துவிட்டு நாளை நீதிமன்றத்தில் கைகட்டி நிற்பதைவிட அடுக்கிலேயே இருக்கட்டும் என்றுதான் நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன்.

இன்னொரு செய்தியும் உங்களுக்கு உதவும். தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011 மே மாதம் நடந்த இரட்டைக் கொலை வழக்கில், மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தவரை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 15 அன்று விடுதலை செய்தது. டி.என்.ஏ. மாதிரிகள் கையாளப்பட்ட விதத்தில் இருந்த ஓட்டைகள் அந்தத் தீர்ப்பில் பெரிதாகப் பேசப்பட்டன. மாதிரி எடுத்த நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தை அடைய வேண்டும், தாமதமானால் காரணத்தை எழுத வேண்டும், விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியின்றி உறையைத் திறக்கவோ மீண்டும் முத்திரையிடவோ கூடாது, மாதிரி யார் யார் கையில் இருந்தது என்பதற்கு ஒரு பதிவேடு இருக்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் பொருந்தும் கட்டளைகளை நீதிமன்றம் பிறப்பித்தது. இவை வழக்கின் சான்று கெடாமல் இருப்பதற்காக வந்தவையே தவிர, கொடுத்தவரின் அந்தரங்கத்துக்காக வந்தவை அல்ல. ஆனாலும் அந்தப் பதிவேடு என்ற ஒன்று வந்துவிட்டபின், "எங்கே இருக்கிறதோ தெரியாது" என்ற பதிலை இனி எளிதாகச் சொல்ல முடியாது.

மீனாட்சிபுரத்தாள் எழுதியது:

மேலே எழுதியவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். என் பெரியப்பா வீட்டைவிட்டுக் கிளம்பிக் காணாமல் போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. எங்கோ ஓர் அரசு மருத்துவமனையின் பிணவறையில் அடையாளம் தெரியாத உடலாகக் கிடந்து, அரசுச் செலவில் அடக்கம் செய்யப்பட்டிருக்கலாம். என் அண்ணன் இரத்தம் கொடுக்கத் தயாராக இருந்தும், அதை எதனோடு ஒப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. 2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவில் சிதைந்த உடல்களையும், 2025 ஜூனில் அகமதாபாத் விமான விபத்தில் கருகிய உடல்களையும் உறவினர்களின் டி.என்.ஏ. மாதிரிகளைக் கொண்டுதான் அடையாளம் கண்டு ஒப்படைத்தார்கள். பெரியம்மா இன்னமும் பொட்டு வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வாழ்கிறார். அவருக்குத் தரவு வங்கி ஓர் அச்சுறுத்தல் அல்ல. அது இல்லாததுதான் அவருக்கு அநீதி.

திரும்பப் பெறப்பட்ட அந்த மசோதாவில் காணாமல் போனவர்களுக்கும் அடையாளம் தெரியாத உடல்களுக்கும் தனித்தனிப் பட்டியல் இருந்தது என்று கேள்விப்பட்டேன். அதைத் திரும்பப் பெற்றதை நல்ல செய்தி என்று பலர் எழுதியபோது எனக்கு மனம் வலித்தது.

சட்டக்கல்லூரி மாணவி எழுதியது:

அம்மா, உங்கள் பெரியம்மாவின் நிலையைப் படித்தபின் எழுதக் கை தயங்குகிறது. ஆனால் நீங்கள் கேட்பதும் வைகைக்கரை அண்ணன் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்று நான் நம்புகிறேன். விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாய் துக்கத்தின் நடுவே தன் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் வருடக் கொடுக்கிறாள். அந்த மாதிரியைப் பின்னாளில் குற்றப் புலனாய்வுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லும் சட்டம் இன்று எது? அவளுக்கும் எதுவும் இல்லை.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண் 2016இல் சான்றுக்காகக் கொடுத்த டி.என்.ஏ.வை அந்நகரக் காவல்துறை ஆய்வகம் தன் உள்தரவில் வைத்திருந்தது. சில ஆண்டுகள் கழித்து, ஒரு சொத்துக் குற்றத்தில் அதே பெண்ணைச் சந்தேக நபராக அடையாளம் காண அது பயன்படுத்தப்பட்டது. 2022 பிப்ரவரியில் அந்நகர அரசு வழக்குரைஞர் இதை வெளிப்படுத்தியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. பாதிக்கப்பட்டவர்களின் மாதிரியை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தத் தடை விதித்து கலிஃபோர்னியா அதே ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. யாரும் தரவைத் திருடவில்லை, யாரும் விற்கவில்லை, அனுமதி பெற்றவர்களே ஆய்வகத்துக்குள் வைத்துச் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வழக்குரைஞர் ஐயா சொன்ன குறை இதுதான். கசிவைத் தடுக்கும் விதி மட்டும் போதாது, உள்ளே இருப்பவர் எதற்குப் பயன்படுத்தலாம் என்ற வரம்பும் வேண்டும். நம் நாட்டில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணை அவள் ஒப்புதல் இன்றிப் பரிசோதிக்கக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 184ஆம் பிரிவு சொல்கிறது. பரிசோதனை முடிந்தபின் அவளுடைய மாதிரியை வேறொன்றுக்கு ஒப்பிடலாமா என்பதைப் பற்றி அது பேசவில்லை.

பிரிட்டனில் நடந்ததை நாம் பாடமாகவே படித்தோம். 2001இல் கொள்ளை முயற்சி என்ற குற்றச்சாட்டில் கைதாகிப் பின்னர் விடுதலையான பதினோரு வயதுச் சிறுவனும், வழக்கு கைவிடப்பட்ட மார்ப்பர் என்பவரும் தங்கள் மாதிரிகளை அழிக்கக் கேட்டார்கள். அந்நாட்டு நீதிமன்றங்கள் எல்லாம் மறுத்துவிட்டன. 2008 டிசம்பர் 4 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பதினேழு நீதிபதிகளும் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார்கள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்களின் டி.என்.ஏ.வை வயதும் குற்றத்தின் தன்மையும் பாராமல், கால வரையறையின்றி வைத்திருப்பது தனிவாழ்வுக்கான உரிமையை மீறுகிறது என்றார்கள். மாதிரி வேறு, விவரக்குறிப்பு வேறு என்று பிரித்துப் பேசிய தீர்ப்பு அது. அதன் விளைவாக பிரிட்டனில் வந்த 2012ஆம் ஆண்டுச் சட்டம், விவரக்குறிப்பு எடுத்த பின் மாதிரியை ஆறு மாதங்களுக்குள் அழித்துவிட வேண்டும் என்றது. ஆய்வக ஐயா சொன்ன அந்த மீதி அட்டை அங்கே தங்குவதே இல்லை. அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியபோது குற்றமற்றவர்களின் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட விவரக்குறிப்புகளும், எல்லோருடையதுமாக 77 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளும் அழிக்கப்பட்டன. அதன் பின்னும் அந்நாட்டுத் தரவு வங்கி இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது, குற்றவாளிகள் பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நம் மசோதாவைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அம்மா சொன்ன இரண்டு பட்டியல்களும் அதில் இருந்தன. அனுமதியின்றித் தகவலை வெளியிட்டால் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழி இருந்தது. கூடவே சந்தேக நபர்களுக்கும் விசாரணைக் கைதிகளுக்கும் பட்டியல்கள் இருந்தன. நிலைக்குழு அஞ்சியது அவற்றைத்தான். குறிப்பிட்ட ஒரு சாதியையோ சமூகத்தையோ குற்றத்தோடு தவறாக இணைக்கக்கூட இது பயன்படலாம் என்று அறிக்கையிலேயே எழுதினார்கள். வேங்கைவயலை அறிந்த நமக்கு அந்த வரியின் கனம் தெரியும். 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டபோது, அந்தத் தண்ணீரைக் குடித்த பட்டியலின மக்களிடமே டி.என்.ஏ. ஒப்பீட்டுக்காக இரத்தம் கேட்கப்பட்டது. அவர்களில் சிலர் கொடுக்க மறுத்தார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. யாரிடம் கேட்கிறோம் என்பதே ஒரு தீர்ப்பாக ஊருக்குள் பேசப்படும் நாட்டில், கேட்டு வாங்கியதை என்ன செய்வோம் என்பதைச் சட்டம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மீனாட்சிபுரத்து அம்மா எழுதியதைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். காணாமல் போனவரைத் தேட என்றால் இன்னொரு முறையும் இரத்தம் கொடுப்பேன் என்றான். எதற்கு என்று சொல்லி வாங்கட்டும், அதற்கு மட்டும் பயன்படுத்தட்டும் என்பதுதான் அவன் கேட்பது.

வழக்குரைஞர் ஐயாவுக்கு இரண்டு கேள்விகள். வழக்கு இன்னும் விசாரணையில் இருக்கும்போதே அழிக்கக் கேட்கலாமா? சொத்துத் தகராறில் இதை யாராவது பயன்படுத்திவிடுவார்களோ என்று அப்பா அஞ்சுகிறார். எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினை இழுபறியில் இருக்கிறது.

கருப்பங்கி (வழக்குரைஞர்) எழுதியது:

அப்பாவின் அச்சத்தை முதலில் போக்கிவிடுகிறேன். சொத்துரிமை வழக்கில் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக டி.என்.ஏ. சோதனைக்கு உட்படுத்துவது அந்தரங்கத்தை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியிருக்கிறது. நேரடியாகவே கேட்டுப் பெற முடியாததை, காவல்துறையின் உறைக்குள்ளிருந்து எடுத்துக்கொள்ளப் பங்காளி ஒருவர் மனுப் போட்டால், அதை எதிர்க்க உங்களிடம் நல்ல வாதம் இருக்கிறது.

வழக்கு நிலுவையில் இருக்கும்போது அழிக்கக் கேட்டால், எதிரித் தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பு, இந்த ஒப்பீட்டைக் கேள்வி கேட்கக்கூடும் என்று சொல்லி மறுப்பார்கள். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. வேறு யாருடைய மாதிரிகள் பொருந்தவில்லை என்பதும் சில வழக்குகளில் எதிரிக்கு முக்கியமான சான்றாகிவிடும். ஆகவே இப்போது அழிக்கக் கேட்க வேண்டாம். இந்த வழக்குக்கு அன்றி வேறெதற்கும் ஒப்பிடக் கூடாது, தேசியக் காப்பகத்தில் ஏற்றக் கூடாது, ஏற்றியிருந்தால் நீக்க வேண்டும், தீர்ப்பு இறுதியான பின் அழித்து அதற்கு எழுத்துமூலம் சான்று தர வேண்டும் என்று கேளுங்கள்.

முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தம்பியின் பெயரிலேயே ஒரு மனு அனுப்புங்கள். அவர் கையொப்பமிட்ட ஒப்புதல் தாளின் நகல், நடுவர் உத்தரவு ஏதேனும் இருந்தால் அதன் நகல், மாதிரி ஆய்வகத்துக்குப் போன தேதி, இப்போது அது இருக்கும் இடம், தேசியக் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டதா என்ற விவரம் ஆகியவற்றைக் கேளுங்கள். முப்பது நாள்களுக்குள் பதில் வர வேண்டும். புலனாய்வுக்கு இடையூறு என்று மறுத்தால், குற்றப்பத்திரிகையே தாக்கலான பின் என்ன இடையூறு என்று முதல் மேல்முறையீட்டில் கேட்கலாம். அடுத்ததாக, 2022ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவுகளை அழிக்கும் கோரிக்கைகளைப் பெறுவதற்கென்று மாநில அரசு நியமிக்கும் நோடல் அலுவலருக்கு ஒரு மனு அனுப்பி, அதன் நகலை விசாரணை அதிகாரிக்கும் ஆய்வக இயக்குநருக்கும் அனுப்புங்கள். ஒப்புகை பெறும்படி விரைவுத் தபாலில் அனுப்பி, அந்த ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள். இரண்டுக்கும் பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனு. கைதாகாதவரின் மாதிரி என்னவாக வேண்டும் என்பது நேரடியாக முடிவு செய்யப்பட வேண்டிய கேள்வி. உங்கள் தம்பி விரும்பினால் அந்த மனுவை நான் கட்டணமின்றி நடத்துகிறேன்.

மனுவில் "என் டி.என்.ஏ.வை அழியுங்கள்" என்று பொதுவாக எழுதிவிட வேண்டாம். இரத்தம் தோய்ந்த அட்டை, அதிலிருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏ. கரைசல், விவரக்குறிப்பு, அதன் கணினி நகல்கள், பிற அலுவலகங்களுக்கு அனுப்பிய படிகள் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். நான்கு வட்டங்களில் இரத்தம் எடுத்தார்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். அந்த இருபது பேரில் இன்னும் இரண்டொருவர் சேர்ந்து கையொப்பமிட முன்வந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள்.

வைகைக்கரை எழுதியது:

நேற்று மாலை அவர்களில் ஆறு பேரைப் பார்த்துப் பேசினோம். நான்கு பேர் சம்மதித்தார்கள். ஒருவர், அந்தத் தாளைத் தனக்கு மட்டும் படித்துக் காட்டியதாகவும் அதில் "இந்த வழக்கின் புலன்விசாரணைக்காக" என்று எழுதியிருந்தது நன்றாக நினைவிருப்பதாகவும் சொன்னார். தகவல் உரிமை மனுவைத் திங்கள்கிழமை தம்பியே கொண்டுபோய்த் தபாலில் சேர்க்கிறான்.